செல்லாத காற்று

புனித எராஸ்மோ மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து தைத்துக்கொண்ட எவருக்கும், காற்று பிரியும்வரை வாயில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மயக்க மருந்தில் தூங்கிப்போன குடல் விழித்துக்கொண்டது என்பதற்கு அதைவிட நேர்மையான சேதி வேறு எதுவும் வந்துவிடப் போவதில்லை. ஊரில் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் அதைத்தான் கேட்கிறார்கள். நோயாளி "போச்சு" என்கிறார்; கஞ்சி வருகிறது.

புனித எராஸ்மோவில் மட்டும் அந்தச் சேதியை யார் கேட்பது என்பதில் ஒரு முறை இருந்தது. அறுவைப் பிரிவுத் தலைவர் டாக்டர் பெலர்மீனியோ பெய்னாதோ தம் காதால் கேட்க வேண்டும். அதுவும் தாம் கேள்வி கேட்ட பிறகு. காலையில் பயிற்சி மருத்துவர்கள், மாணவர்கள், தாதிகள் என்று ஒரு ஊர்வலம் பின்னால் வர, அவர் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். கண்ணை லேசாக மூடி, "காற்று பிரிந்ததா?" என்பார். கேள்விக்குப் பின் வருவது வாயு. கேள்விக்கு முன் வந்தது எதுவாக இருந்தாலும் அது ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாதது.

இந்த முறை வந்ததற்கு ஒரு கொத்தனார் காரணம். காற்று போகாமலே போனதாகச் சொல்லி, கோழி சூப் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாகக் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டான். தலைவரைக் கேட்காமல் ஒருவன் குணமானதை டாக்டரால் கடைசிவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எர்சிலியாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் வாயே ஓந்தோ சந்தையில் சிவப்பு மொச்சை விற்கிறவள். குடல் முறுக்கிக்கொண்டு, மொச்சை மூட்டையின் மேலேயே சுருண்டு விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். வயிற்றைத் திறந்து முறுக்கை எடுத்துத் தைத்தார்கள். நல்லபடியாகத்தான் செய்தார்கள். கண் விழித்ததும் அவளுக்கு இருந்தது ஒரே நினைப்பு. மகள் யுதெல்கா நியூயார்க்கிலிருந்து வருகிறாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், புனித வாரத்துக்கு மட்டும் லீவு வாங்கிக்கொண்டு வருகிறாள். ஈஸ்டர் ஞாயிறன்று திரும்பிப்போக விமானம். பெரிய வியாழனன்று அவளைத் தன் வீட்டு மேஜையில் உட்காரவைத்து, தன் கையால் ஒரு கிண்ணம் மொச்சைப் பாயசம் ஊற்ற வேண்டும். தெருவில் எல்லா வீட்டுக்கும் கிண்ணம் அனுப்ப வேண்டும், எல்லா வீட்டிலிருந்தும் கிண்ணம் வரும். மகள் அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

குருத்து ஞாயிறு காலையில், தாதி பியோர்தலீசா விரிப்பை மாற்றிவிட்டு நகர்ந்ததும், எர்சிலியாவுக்கு அது நடந்தது. அடக்கமாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

பக்கத்துக் கட்டிலில் பித்தப்பை எடுத்துக் கிடந்த கந்தெலாரியா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "அம்மாடி, மகராசி. உனக்குச் சாப்பாடு வந்தாச்சு போ."

எர்சிலியா தாதியைக் கூப்பிட்டாள். பியோர்தலீசா நல்ல பெண். திரும்பி வந்து, மூக்கைச் சுளிக்காமல் நின்று, தான் எதையும் காதில் வாங்கவில்லை என்றாள். வாங்கியிருந்தாலும் பிரயோஜனமில்லை என்றாள். அந்த நேரம் வார்டுக்குள் ஒரு டாக்டர் வந்ததைப் பார்த்து எர்சிலியா அவரிடம் மன்றாடினாள். அவள் நல்ல நேரம், அவர் குனிந்து நாடி பார்க்கும்போதே இன்னொன்றும் வந்தது. அவர் தலையாட்டினார், நன்றாகக் கேட்டது என்றார், வாழ்த்தும் சொன்னார்.

"அப்ப எழுதிக் குடுங்க டாக்டர், ஒரு காப்பியாவது குடிச்சுக்கறேன்."

"எழுதலாம் டோன்யா," என்றார் அவர், பெரிய மனுஷியைக் கூப்பிடுகிற மரியாதையோடு. "ஆனா நான் எலும்பு டாக்டர். எலும்பு சத்தம் ஏதாச்சும் கேட்டா நான் சாட்சி சொல்லலாம். இது என் டிபார்ட்மெண்ட் இல்லையே."

திங்கள் காலை யுதெல்கா பெட்டியோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அம்மாவின் உலர்ந்த உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டு, வழியில் பார்த்த சந்தைக்காரர்கள் விசாரித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஊர்வலம் வந்தது. அன்றைக்கு மாணவர்கள் புதிதாக வந்திருந்தார்கள். டாக்டர் பெய்னாதோ கேள்விக்குப் போகும் முன் எர்சிலியாவின் கால்மாட்டிலேயே ஒரு சொற்பொழிவு ஆரம்பித்தார்.

வாயு வெளியேறுவது வெட்கப்பட வேண்டியதல்ல என்றார். அதனால் உப்புசம் தணிகிறது, வலி குறைகிறது, குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் மொச்சையையும் கீரையையும் தின்று வேலை செய்கின்றன என்று தெரிகிறது. அடக்கினால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், முறுக்கும். "ஆகவே, கனவான்களே, அடக்காதீர்கள் என்று நாம் மக்களுக்குச் சொல்ல வேண்டும். வெளியேறும் ஒவ்வொரு வாயுவும் ஆரோக்கியத்தின்..."

எர்சிலியா அடக்கவில்லை.

மாணவர்கள் குனிந்து ஷூவைப் பார்த்தார்கள். டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"நான் இன்னும் கேக்கல."

"நீங்க கேக்கற வரைக்கும் அது நிக்கல டாக்டர்."

"கேக்கறதுக்கு முன்னாடி வந்தா அதுக்குப் பேரு வாயு இல்ல. அவமரியாதை."

"என்ன டாக்டர் இது, எல்லாரும்தான கேட்டாங்க," என்றாள் எர்சிலியா. "நேத்தும் போச்சு. இதோ இவங்க சாட்சி."

கந்தெலாரியா சிலுவை போட்டுக்கொண்டு தான் சத்தியம் செய்யத் தயார் என்றாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பவில்லை. யுதெல்காவைப் பார்த்து, படித்த பெண்ணிடம் பேசுகிற நிதானத்தோடு சொன்னார்:

"உங்கம்மா என்ன வேலை பாக்கறாங்க? மொச்சை விக்கறாங்க. மொச்சைக்காரி சாட்சி சொன்னா எடுத்துக்க இது என்ன ஆஸ்பத்திரியா, சந்தையா? நாளைக்கு வாழைக்காய்க்காரன் வந்து ஆபரேஷன் எப்படி பண்றதுன்னு சொல்லுவான்."

மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னால் சிரிக்க வேண்டும் என்பதும் அவர்கள் பாடத்தில் இருந்தது. யுதெல்கா தரையைப் பார்த்தாள். எர்சிலியா மகளைப் பார்த்தாள். சந்தையில் எங்கம்மா யார் என்று கேட்டால் ஊரே கைகாட்டும் என்று நியூயார்க்கில் இவள் யாரிடமெல்லாம் சொல்லியிருப்பாளோ. தையல் போட்ட இடம் அப்போது வலிக்கவே இல்லை. வேறு எங்கோ வலித்தது.

மத்தியானத்துக்குள் டாக்டர் ஒரு வாயுக் குழு அமைத்து, வார்டுச் சுவரில் புது விதி ஒட்டினார். நோயாளியோ, உறவினரோ, பக்கத்துக் கட்டிலோ, வெளியாட்களோ வாயுவுக்குச் சாட்சியாக முடியாது. நோயாளி தன் வாயுவுக்குத் தானே சாட்சியாகவும் முடியாது. தலைவர் இல்லாதபோது துணைத் தலைவர் கேட்கலாம். துணைத் தலைவரும் இல்லாதபோது, அவர் திரும்பும்வரை வாயு காத்திருக்க வேண்டும்.

கட்டிலில் ஒரு மணியும் கட்டினார்கள். வருவதுபோல் இருந்தால் மணியை அடிக்க வேண்டும். எர்சிலியா அடித்தாள். பியோர்தலீசா ஓடிப்போய்ப் பயிற்சி மருத்துவரிடம் சொல்ல, அவர் தலைவர் அறைக்குப் போய்க் கதவைத் தட்ட, தலைவர் தொலைபேசியை முடித்துக்கொண்டு கோட்டை மாட்டி நடந்து வந்து, கைகளைப் பின்னால் கட்டி, கண்ணை மூடி, கேள்வியைக் கேட்டபோது, அது எப்போதோ போய்விட்டிருந்தது. "பொய் மணி," என்றார் அவர். அடுத்த முறையும் பொய் மணி. அதற்கடுத்த முறை மணியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

செவ்வாய் சாயங்காலம் டாக்டர் தனியாக வந்தார். ஊர்வலம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கந்தெலாரியா உடனே தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாளை குடல்போக்குவரத்துப் பிரிவு திறப்பு விழா என்றார் அவர். தலைநகரிலிருந்து துணை அமைச்சர் வருகிறார், தொலைக்காட்சி வருகிறது. புதுப் பிரிவின் புதுக் கட்டிலில் ஒரு நோயாளி படுத்திருக்க வேண்டும். தாம் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கணமே மக்கள் முன்னிலையில் வாயு பிரிய வேண்டும். இப்போது ஆஸ்பத்திரியில் அந்தத் திறமை, அவர் வார்த்தையிலேயே சொன்னால், டோன்யா எர்சிலியாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

"முடிஞ்ச நிமிஷமே வீட்டுக்குப் போகலாம். டிஸ்சார்ஜ் சீட்டுல துணை அமைச்சரே கையெழுத்துப் போடுவார்."

எர்சிலியா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி டாக்டர். ஆனா இது ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம். வர்றவங்களுக்கு எங்க வீட்டுலருந்து ஒரு கிண்ணம் மொச்சைப் பாயசம் குடுக்காம அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது. அமைச்சருக்கும், உங்களுக்கும், பெரியவங்க எல்லாருக்கும்."

டாக்டரின் முகம் இளகியது. மொச்சைக்காரிகளைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், அந்த ஊரில் தவசு காலத்தில் வாசலுக்கு வந்த பாயசத்தை வேண்டாமென்ற மனிதன் இதுவரை இல்லை.

"தேங்காப்பால் ஊத்தினதா?"

"ஊத்தினதுதான். சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உலர்ந்த திராட்சை, மேல மிதக்கவிடற சின்ன பிஸ்கோத்து. எல்லாம் உண்டு."

அவர் போனதும் யுதெல்காவைக் கூப்பிட்டாள். கந்தெலாரியா கண்ணைத் திறந்தாள்.

"மொச்சைய இப்பவே ஊற வை. ஊற வெச்ச தண்ணியக் கொட்டாத. அதுலயே வேக வை."

யுதெல்கா நியூயார்க்கில் இருந்தாலும் மொச்சைக்காரி மகள். "அம்மா, ரெண்டு தடவ தண்ணி மாத்தணும்னு நீதான சொல்லுவ. கொட்டாட்டி வயிறு ஊதிக்குமே."

"தெரியும்."

"இஞ்சி? கிராம்பு?"

"வாசனைக்குப் பட்டை மட்டும் போடு. மத்ததெல்லாம் வேண்டாம்."

"எவ்வளவு நேரம் வேகணும்?"

"பல்லுல படணும்."

மகள் அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அவள் வாய் சிரிப்பில் கோணியது. "எந்தப் பானைல?"

"பெரிய பானைல," என்றாள் எர்சிலியா.

"பியோர்தலீசாவுக்குத் தனியா வேற பண்ணு," என்றாள் கந்தெலாரியா. "அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு."

புதன்கிழமை துணை அமைச்சர் வெகு நேரம் தாமதித்து வந்தார். அதனால் காத்திருந்தவர்களால் நன்றாகச் சாப்பிட முடிந்தது. டாக்டர் பெய்னாதோ மூன்று கிண்ணம் சாப்பிட்டார், மூன்றாவதை நின்றுகொண்டே. துணை அமைச்சர் வந்த உடன் இரண்டு கிண்ணம் முடித்து, தலைநகரில் இந்த ருசி கிடையாது என்று மனதாரச் சொன்னார். வாயுக் குழுவின் உறுப்பினர்கள், நிர்வாக இயக்குநர், கொடை கொடுத்த சர்க்கரை ஆலைக்காரர், யாரும் சோடைபோகவில்லை. துணைத் தலைவர் மட்டும் இல்லை. அவர் புனித வாரத்துக்குக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் புறப்பட்டுவிட்டார்.

புதுப் பிரிவின் கூடத்தில் குளிர்சாதனம் போட்டு, ஒலிப்பதிவுக்காகக் கதவு ஜன்னலை எல்லாம் சாத்தினார்கள். நடுவில் ஒரே ஒரு கட்டில், பளபளவென்று. தலைமாட்டுக்கு மேலே பெரிய எழுத்தில்: அடக்காதீர்கள், ஆரோக்கியமாக இருங்கள். கட்டிலில் எர்சிலியா, கையில் ஜெபமாலை. விரிப்பின் ஓரத்தில், எங்கே வைக்க வேண்டுமோ அங்கே, ஒரு மைக். நிகழ்ச்சி முடியும்வரை யாரும் எழக் கூடாது என்பது டாக்டரே போட்ட உத்தரவு. யுதெல்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் பேச ஆரம்பித்தார். வாயுவின் நன்மைகளை வரிசையாகச் சொன்னார். "அடக்குகிறவன் தன் குடலுக்கே துரோகம் செய்கிறான்," என்றார். அந்த இடத்தில் அவருடைய வயிறு ஒரு வார்த்தை சொன்னது. அவர் குரலை உயர்த்திக்கொண்டார். "சிலர் என்னைக் கேட்கலாம்: டாக்டர், நீங்களும் வெளியேற்றுகிறீர்களா? நண்பர்களே, நன்மை என்பது தேவைப்படுகிறவர்களுக்கு. கல்வியும் கட்டுப்பாடும் உள்ளவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. அதனால்தான் மக்கள் எப்போது வெளியேற்றலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு எங்களிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது."

கைதட்டினார்கள். தட்டியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். தட்டினால் உடம்பு குலுங்குகிறது, அந்த நேரத்தில் குலுங்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லதாகத் தோன்றியது. சர்க்கரை ஆலைக்காரர் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பிறகு பயந்து நிமிர்ந்தார். துணை அமைச்சர் டையைத் தளர்த்தினார்.

டாக்டர் கால்மாட்டுக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டினார். கண்ணை மூடினார். கேமரா நெருங்கியது.

"காற்று பிரிந்ததா?"

காலையிலிருந்து எர்சிலியா அதைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தாள். வாசலில் வந்து நின்றது. அவள் ஜெபமாலையில் ஒரு மணியை நகர்த்தினாள்.

"இன்னும் இல்ல டாக்டர்."

கூடம் காத்திருந்தது. குளிர்சாதனம் உறுமியது. அமைச்சருக்கு முன்னால் யாரும் எழ முடியாது. காற்று பிரியாமல் அமைச்சர் எழ முடியாது. டாக்டரின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. மறுபடி கேட்டார். எர்சிலியா இன்னொரு மணியை நகர்த்தினாள். முன்வரிசையில் யாரோ முனகினார்கள். அது ஜெபம்போல இருந்தது.

டாக்டர் முகத்தோடு முகம் வைத்து, மைக்கை அடியோடு மறந்து, குனிந்தார். குனிந்தது தப்பு, முகம் வெளுத்தது.

"டோன்யா. விட்டுருங்க. தயவுபண்ணி."

"அவசரப்படுத்தினா அது வராது டாக்டர்."

கூடத்தின் நாலு மூலை ஒலிபெருக்கியிலும் அது கேட்டது.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"எம் பொண்ணு மூணாவது வரிசைல உக்காந்திருக்கா. திங்கட்கெழம அவ முன்னாடி என்னைப் பொய்க்காரியாக்கினீங்க. அன்னிக்குப் போச்சா, போகலையா?"

"போச்சு."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்," என்றார் டாக்டர் பெய்னாதோ. ஒலிபெருக்கி அதை இருமடங்காகச் சொன்னது. "நல்லா கேட்டேன். எல்லாரும் கேட்டோம். நீங்க சொன்னது உண்மை."

யுதெல்கா இப்போது தரையைப் பார்க்கவில்லை. எர்சிலியா அதைப் பார்த்தாள். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் பட்டினி கிடந்த நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் மெதுவாக ஒரு ஜெபம் முழுதாகச் சொன்னாள், ஆமென் வரைக்கும்.

"இப்ப முறைப்படி கேளுங்க டாக்டர். நிமிர்ந்து நின்னு."

அவர் நிமிர்ந்தார். அவர் இருந்த நிலையில் ஒரு மனிதன் செய்யக் கூடியதிலேயே கடினமான காரியம் அதுதான். கேட்டார்.

எர்சிலியா விட்டாள். நீளமாக, தடையில்லாமல், முடிவில் சற்றே மேலே ஏறி. துணை அமைச்சர் கையெழுத்தைப் போட்ட வேகத்தில் காகிதம் கிழிந்தது. பேனா கீழே விழுவதற்குள் அவர் கதவைத் தாண்டியிருந்தார். அவர் பின்னால் கோட்டுகள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் சிதறின. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரித் தோட்டத்து மாமரங்களுக்குப் பின்னால் நின்ற கனவான்களைப் பற்றித் தோட்டக்காரர் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தார்.

டாக்டரால் மட்டும் போக முடியவில்லை. தொலைக்காட்சிக்காரப் பெண் அவருக்கு முன்னால் மைக்கோடு நின்றாள். அடக்குவதால் வரும் கெடுதல் பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னாள். அவர் வாயைத் திறந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டார், அப்படியே மடங்கினார்.

பக்கத்தில் இருந்தது அந்தக் கட்டில்தான். எர்சிலியாவின் சூடு இன்னும் ஆறாத விரிப்பில் அவரைக் கிடத்தினார்கள். பயிற்சி மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலைவரிடமே கற்றதைச் செய்தார்: காற்று பிரியும்வரை சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. உடனே ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்.

அரை மணியில் காற்று பிரிந்தது. அதற்கப்புறம் நிற்கவில்லை. இரண்டு தாழ்வாரம் தள்ளிக் கந்தெலாரியா தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மரியாதை செய்தாள். டாக்டர் ஜூஸ் கொண்டுவரச் சொன்னார்.

"யார் கேட்டாங்க டாக்டர்?" என்றாள் பியோர்தலீசா.

"நான் கேட்டேன். நான்தான் தலைவர்."

"நோயாளி தனக்குத்தானே சாட்சியாக முடியாதுன்னு நீங்கதான சுவத்துல ஒட்டினீங்க. துணைத் தலைவர் வரணும். அவர் கடல்ல இருக்காரு, போன் எடுக்கல. ஈஸ்டர் தாண்டித்தான் வருவாரு." பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். "மறுபடி வர்றாப்புல இருந்தா சொல்லுங்க, மணி கட்டறேன்."

பெரிய வியாழனன்று எர்சிலியா தன் வீட்டு மேஜையில் மகளுக்குப் பாயசம் ஊற்றினாள். தண்ணீரை இரண்டு தடவை மாற்றி, இஞ்சியும் கிராம்பும் தட்டிப்போட்டு, நாக்கில் கரைகிற பதத்தில் செய்தது. தெருவில் கிண்ணங்கள் போயின, வந்தன. தொலைக்காட்சியில் விழாவை நாலு தடவை காட்டினார்கள். அண்டைவீட்டுக்காரர்கள் நாலு தடவையும் வந்து பார்த்தார்கள். யுதெல்கா அதைத் தன் போனில் பிடித்து நியூயார்க்குக்கெல்லாம் அனுப்பினாள்.

ஞாயிறன்று மகளை விமான நிலையத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டு, எர்சிலியா தையலைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் மூடிபோட்ட ஒரு கிண்ணம். டாக்டர் பெய்னாதோ பிரிவின் ஒரே கட்டிலில், அந்தப் பெரிய எழுத்துகளுக்கு அடியில் கிடந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தார். எழும்போதே ஒன்று போனது, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"கேட்டுச்சுல்ல?" அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "டோன்யா, கேட்டுச்சுல்ல உங்களுக்கு? இவகிட்ட சொல்லுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

பியோர்தலீசா கட்டில் பக்கம் வந்து நின்றாள். "நீங்க ஏதாவது கேட்டீங்களா, டோன்யா?"

எர்சிலியா கிண்ணத்தை அவர் கை எட்டாத மேஜையில் வைத்து மூடியைத் திறந்தாள். பட்டையும் தேங்காய்ப்பாலும் மணந்தன.

"நான் என்னம்மா சொல்றது," என்றாள். "சந்தைல மொச்சை விக்கறவ."

விரிப்பை இழுத்து அவர் காலை மூடிவிட்டாள். கிண்ணத்துக்கு ஒன்றும் அவசரமில்லை, சாப்பிட்டு முடித்ததும் கொடுத்தனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். போகிற வழியில், தாழ்வாரத்தின் நடுவில், கேள்விக்குக் காத்திராமல் ஒன்றை விட்டாள்.